யோகக்கா திரும்பப் பெறக் கேட்ட சொல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நினைவு மலரில் எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் பலர். யோகக்காவோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பதினைந்து வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அவரை அறிந்தது மூன்று வருடம்தான். அவருடைய கணவர் தவம் அண்ணை, "முப்பத்தோராம் நாள் மலருக்கு நீரும் ஒரு பக்கம் எழுதித் தாரும் பிள்ளை" என்று கேட்டபோது, மேடையில் பேசச் சொல்லவில்லையே என்ற நிம்மதியில் சம்மதித்துவிட்டேன். எழுதத் தொடங்கியபின் அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. துக்கமாகவும் வரவில்லை. பெரும்பாலும் அருவருப்பாகத்தான் வந்தது. "செத்தவீட்டு மலரிலை ஆரும் உப்பிடி எழுதுவினமோ?" என்று அம்மா கேட்டார். அழித்துவிட்டு ஒளி, தாய்மை, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று மறுபடி தொடங்கிப் பார்த்தேன். யோகக்கா வாசித்தால் வாய்விட்டுச் சிரிப்பார் என்று தோன்றியது. ஆகவே முதலில் எழுதியதையே தருகிறேன்.

செய்தி வந்தபோது என் கையில் சீஸ் துண்டு குத்திய ஒரு குச்சி இருந்தது. நான் வேலை செய்யும் ஆய்வு அலுவலகம் அன்று முற்பகல் ஓர் அறிக்கையை வெளியிட்டிருந்தது. உரைகள் முடிந்து, எல்லோரும் வைன் கிண்ணங்களோடு நின்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. தவம் அண்ணை எழுதியிருந்தார்: "யோகா காலமை ஆறு மணிக்குப் போயிட்டா. நீர் அவவுக்குச் செய்யிறன் எண்ட அலுவல் முடிஞ்சுதோ எண்டு நேற்றும் கேட்டவ."

அந்த அலுவல் முடியவில்லை. அந்த அறிக்கையின் ஒரு பக்கத்திலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கம் அச்சாகி, பெயரோடு, சீஸ் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நான் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி உள்ளே வந்து, யாரோ நீட்டிய தோடம்பழச் சாற்றை வாங்கிக் குடித்தேன். என் மேலாளர், "நல்ல நாள், இல்லையா?" என்றார். நான் தலையாட்டினேன்.

வேறு ஊர்களிலிருந்து இந்த மலரை வாசிப்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். சூரிச்சுக்கு வெளியே, ட்ராம் பாதை முடிகிற எங்கள் புறநகரில் இரண்டு ஆரம்பப் பள்ளிகள் உண்டு. இரண்டும் பொதுப் பள்ளிகள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒன்றைக் கெமைண்ட, அதாவது உள்ளூராட்சி, நேரடியாக நடத்துகிறது. அந்த வட்டாரத்தில் குடியிருக்கும் எந்தப் பிள்ளை வந்தாலும் அது சேர்த்தாக வேண்டும். நான் படித்தது அங்கேதான். மற்றது சில வருடங்களுக்கு முன் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அதே பொதுப் பணத்தில், ஓர் ஒப்பந்தத்தின் கீழ், ஒரு தனிக் குழு அதை நடத்துகிறது. ஆசிரியர்களைத் தானே தெரிவுசெய்யலாம், பாடவேளைகளைத் தானே வகுக்கலாம். விண்ணப்பித்தவர்கள் இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததால் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு லொத்தர் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். குலுக்கல் நாளுக்கு முன் வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டுகள் இரண்டு மடங்காக இருந்ததை நானே பார்த்தேன். இரண்டு பள்ளிகளையும் அவற்றின் பிள்ளைகளையும் ஒப்பிட்டு எது மேல் என்று சொல்லும் வேலை எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் முதல் வேலையும் அதுதான்.

யோகக்காவை நான் சந்தித்தது அந்த ஆய்வின் கேள்விக்கொத்தை அவர் தமிழாக்கியபோது. அவர் காலையில் முதியோர் இல்லத்தில் சலவை வேலை செய்வார், பின்னேரங்களில் பள்ளிகளின் பெற்றோர் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போவார். செம்மஞ்சள் நிற மழைச் சட்டை ஒன்றோடு எங்கள் அலுவலகத்துக்குள் வந்து, கதிரையில் உட்காருமுன்பே கேள்விக்கொத்தைப் புரட்டிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன புள்ள, இதென்ன கேள்வி? 'உங்கள் பிள்ளையின் பள்ளியில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைகிறீர்கள்?' வீட்டுக்கு வந்த ஆளுக்கிட்ட தேத்தண்ணி நல்லமா எண்டு கேட்டா, நல்லமில்ல எண்டு ஆரும் சொல்லுவாங்களா? நம்மட ஆக்கள் எல்லாரும் 'மிகவும் திருப்தி'லதான் புள்ளடி போடுவாங்க. மறுகா நீங்க அத எண்ணி என்ன செய்யப் போறீங்க?"

"அதை நான் முடிவெடுக்கிறேல்லை அக்கா" என்றேன்.

"தெரியும்கா. உன்ட மூஞ்சியப் பாத்தாலே தெரியுது நீ ஒண்டும் முடிவெடுக்கிற ஆளில்ல எண்டு."

பட்டென்று சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் இரண்டு பள்ளிகளிலும் மிகவும் திருப்தியாக இருந்தார்கள். அறிக்கையில் அது ஒரு வண்ணப்படமாக வந்திருக்கிறது.

அவருடைய மட்டக்களப்புப் பேச்சைத் தமிழ்ப் பள்ளியில் எங்கள் யாழ்ப்பாண அக்காமார் சீண்டுவார்கள். "எத்தினை 'கா' போடுறீர் யோகா, காகம் தோத்துப்போம்" என்று ஒருவர் சொன்னார். "கா போட்டுக் கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்காய்தானே, மறுகா என்ன குறை?" என்று அவர் கேட்டதும் சொன்னவரே சிரித்துவிட்டார். ஆனால் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். ஒரு சொல்லைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். ஒரு தாய் பெருமூச்சு விட்டால், "அம்மா பெருமூச்சு விடுகிறார்" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்வாராம். ஆசிரியர்கள் திகைத்துப்போவார்களாம். "நான் சொல்லைக் கடத்துற ஆள் புள்ள. நடுவழியில ஒண்டும் களவு போகப்படாது" என்பார். அந்தக் கவனம் உள்ள ஒருவருக்குத்தான் ஒரு பிழை நடந்தது.

அதை அவர் எனக்குச் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், தன் குசினி மேசையில். சுகி அக்காவை இந்த மலரை வாசிக்கும் பலருக்குத் தெரியும். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை, மூன்று பிள்ளைகள். நடு மகள் அபிரா லொத்தரில் வென்று புதுப் பள்ளிக்குப் போனவள். வாசிப்பில் கொஞ்சம் மெது. நான்காம் வகுப்பு முடியும் நேரம் சுகி அக்காவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். யோகக்கா மொழிபெயர்க்கப் போயிருந்தார். சந்திப்பு முழுவதையும் அவர் எனக்கு நடித்துக் காட்டினார். அதிபருக்கு ஒரு மெல்லிய குரல், சுகி அக்காவுக்கு ஒரு குரல், தனக்கு ஒன்று.

"அதிபர் சொல்லுறா, 'அபிரா இங்கே அழுத்தத்தில் இருக்கிறாள் என்று நினைக்கிறோம்.' நான் தமிழில சொன்னன். சுகி 'ஓம்' எண்டாள். 'மற்றப் பள்ளியில் அவளுக்குக் கூடுதல் ஆதரவு கிடைக்கும்.' 'ஓம்.' 'கோடை விடுமுறைக்குப் பிறகு மாறினால் அவள் மலருவாள்.' அதுக்கும் ஓம். நானும் யா, யா, யா எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டன். அதிபர் எழுதிக்கொண்டே வந்தா. மறுகா தாளைத் திருப்பி வெச்சா, சுகி கையெழுத்துப் போட்டாள். கைகுடுத்து, நல்லாப் போயிட்டு வாங்க எண்டாச்சு."

வெளியே வந்து, வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டே சுகி அக்கா கேட்டாராம்: "அக்கா, அப்ப அவை எப்ப முடிவு சொல்லுவினம்? நான் இவரிட்டையும் ஒருக்காக் கதைக்கோணும்."

இதை எழுதும்போது நான் விளக்கத் தேவையில்லை, வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் அம்மாமார் தொலைபேசியில் அரை மணி நேரம் ஓம், ஓம், ஓம் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் "அது சரிவராது" என்று வைப்பார்கள். அந்த ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் சொல்லுங்கோ என்பது. டொச்சில் அதற்கு ஒரு முனகல் போதும். யோகக்கா அதை யா என்று மாற்றிவிட்டார். யா என்றால் சம்மதம். கையெழுத்தைச் சுகி அக்கா, வந்து போனதற்கான பதிவு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்.

யோகக்கா அப்போதே திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். "நான் பிழை விட்டுவிட்டேன். அந்த அம்மா சம்மதிக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், அந்தத் தாளைத் திருத்துங்கள்" என்றார். அதிபர் எழுந்துகூட வரவில்லை. புன்னகையோடு, பதிவு முடிந்துவிட்டது என்றாராம். பெற்றோரின் முடிவைத் தான் மதிப்பதாகவும் சொன்னாராம். "நீங்கள் மொழிபெயர்க்கத்தான் வந்தீர்கள், விளக்கவுரை சொல்ல அல்ல. உங்கள் ஒரு மணி நேரமும் முடிந்துவிட்டது" என்று மணிக்கூட்டைக் காட்டினாராம். அதற்குப் பிறகு அந்தப் பள்ளி யோகக்காவை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

"எனக்கு என்ன கோவம் தெரியுமா?" என்றார் அன்று. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. "அந்த மனுசி சொன்ன வசனம். அழுத்தம், ஆதரவு, மலருவாள். இத நான் இதுக்கு முன்னயும் அந்த அறையில சொல்லியிருக்கன் புள்ள. ஒரு தரம் இல்ல. புள்ளைட பேர் மட்டும்தான் வேற. அப்பவும் அதுகள் ஓம் எண்டதுகள், அப்பவும் நான் யா எண்டன். அப்ப ஒருத்தரும் வாசல்ல வந்து என்னட்டக் கேக்கல்ல. அதால எனக்கு விளங்கல்ல."

திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் எங்கள் அட்டவணையைத் திறந்தேன். இடையில் பள்ளி மாறிய பிள்ளைகளுக்கு ஒரு நிரல் இருந்தது. வீடு மாறியது, நோய், பெற்றோரின் விருப்பம் என்று காரணங்களுக்கு இலக்கங்கள் போட்டிருந்தோம். புதுப் பள்ளியிலிருந்து பழைய பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே வரிசையாகப் பெற்றோரின் விருப்பம். அபிராவும் அங்கே இருந்தாள். எல்லாம் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள். பெரும்பாலும் எங்கள் பிள்ளைகள், எரித்திரியப் பிள்ளைகள், அல்பேனியப் பிள்ளைகள். அந்த இலக்கங்களைத் தட்டெழுதியது நான். ஒரு மதிய வேளையில் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே தட்டெழுதியது நினைவிருக்கிறது.

அருவருப்பு அதோடு முடியவில்லை. எங்கள் விதிப்படி, பரீட்சை நாளன்று ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அந்தப் பள்ளியின் பெறுபேற்றில்தான் அது சேரும். ஆகவே புதுப் பள்ளி அனுப்பிவிட்ட பிள்ளைகளின் குறைந்த புள்ளிகள் பழைய பள்ளியின் பக்கத்தில் விழுந்தன. ஒரு பள்ளி தனக்கு வேண்டாத பிள்ளையைக் கழித்துவிட்டு உயர்ந்தது. மற்றப் பள்ளி அதே பிள்ளையைக் கைநீட்டி ஏற்றதற்காகத் தாழ்ந்தது. அதற்குப் பெயர் ஒப்பீடு. அந்தப் பழைய பள்ளியில் எனக்கு ஓர் ஆசிரியை இருந்தார். பாடம் முடிந்தபிறகும் வீட்டுக்குப் போகாமல், புதிதாக வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓரோர் எழுத்தாக வாசிப்பார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் வரைபடத்தில் அவர் சிறிய, தாழ்ந்த, சாம்பல் நிறக் கட்டம்.

என் மேலாளர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். பிறந்தநாட்களுக்குத் தானே கேக் செய்து கொண்டுவருவார். வாழ்க்கையில் முதல்முறையாக நானாக எழுந்து அவருடைய கதவைத் தட்டி இதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "சுவாரஸ்யமான அவதானிப்பு" என்றார். "ஆனால் அது நம்முடைய கேள்வி அல்ல. எந்தப் பள்ளி சிறப்பாகச் செயற்படுகிறது என்பதுதான் நம் கேள்வி. பிள்ளைகள் ஏன் மாறினார்கள் என்பது இன்னொரு ஆய்வு." பிறகு, நான் அந்தப் பழைய பள்ளியில் படித்து இந்த இடத்துக்கு வந்திருப்பது எவ்வளவு ஊக்கமளிக்கிறது என்று சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி சொன்னேன் என்பதைத்தான் யோகக்காவிடம் சொல்லாமல் மறைத்தேன்.

அவர் கடிதம் எழுதினார். டொச்சில், தன் கையால், கெமைண்டவின் பள்ளிக் குழுவுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும். அனுப்புமுன் என்னிடம் தந்து இலக்கணம் பார்க்கச் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைகளைத் திருத்தி, சுத்தமாகத் தட்டெழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இதில நான் என்ன எழுதியிருந்தன்?"

நான் அவருடைய விரலுக்குக் கீழிருந்த சொல்லைப் பார்த்தேன்.

"களவு எண்டு எழுதியிருந்தன். இந்தப் பிள்ளைகளிட இடத்தக் களவெடுத்தாங்க எண்டு. நீ 'தகவற்பரிமாற்றக் குறைபாடு' எண்டு போட்டிருக்காய்."

"அப்பிடி எழுதினா வாசிக்கமாட்டினம் அக்கா. உப்பிடித்தான் அங்கை எழுதுறது."

"எங்க?"

"அலுவலகத்திலை."

அவர் என்னைத் திட்டவில்லை. என் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு, பழைய தாளைத் தேடி எடுத்து, நான் காட்டிய இலக்கணப் பிழைகளை மட்டும் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தில் முழுவதையும் மறுபடி எழுதினார். களவு களவாகவே போனது. சில வாரங்களில் பள்ளிக் குழுவிடமிருந்து பதில் வந்தது. பெறுமதிமிக்க குறிப்புக்கு நன்றி என்று இரண்டு வரி. எங்கள் அலுவலகத்திலிருந்து போன பதிலை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. கையெழுத்து மேலாளருடையது, வரிகள் என்னுடையவை.

அபிரா பழைய பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே ஒன்றும் கெடுதல் நடக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். ஆனால் முதல் வாரம் அவள் தாயிடம், "நான் வெண்ட லொத்தரை ஏன் அம்மா திருப்பிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாளாம். அதைச் சுகி அக்கா யோகக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். யோகக்கா என்னிடம் சொல்லும்போது அழவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு, "என்ட வாயால போன இடம்" என்றார்.

நோய் வந்தபின் அவர் அதிகம் நடமாடவில்லை. மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது, உடம்பு எப்படி என்று கேட்க விடாமல், "அறிக்கை வந்திட்டா?" என்றார். அச்சுக்குப் போகப் போகிறது என்றேன். அதில் தன்னைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். நன்றியுரையில் ஒரு வரி இருந்தது. பள்ளி மாற்றங்கள் தொடர்பான பெற்றோரின் சம்மதம் அனுபவமிக்க மொழிபெயர்ப்பாளர் திருமதி யோகேஸ்வரியின் துணையோடு உறுதிசெய்யப்பட்டது என்று. எனக்குப் பொய் சொல்ல வராது. படித்துக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். கை மிகவும் இலேசாக இருந்தது. "என்ட பேர அதில இருந்து எடு புள்ள. வேற ஒண்டும் நான் கேக்கல்ல. நான் செத்தாலும் அந்தத் தாள் இருக்கும். அதில நான் அந்தப் பிள்ளைகளுக்கு எதிராச் சாட்சி சொல்லிக்கொண்டு இருப்பன்."

எடுக்கிறேன் என்றேன். சத்தமாகச் சொன்னேன், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அச்சுக்கு முந்தைய பிரதி எழுத்துப்பிழை பார்க்க என்னிடம்தான் வந்தது. நன்றியுரைப் பக்கம் திரையில் இருந்தது. மேலாளருக்கு மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். அவர் கோபப்படுவார் என்றல்ல, "ஏன்?" என்று கனிவாகக் கேட்பார், நான் எல்லோர் முன்னும் விளக்கவேண்டி வரும் என்றுதான் பயந்தேன். அழித்தேன். சுருக்கமாக இன்னொன்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் "பிழை எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். நினைவு மலரில் இறந்தவரின் குணங்களைத்தான் எழுதுவார்கள். ஆனால் இந்த வரியை மறைத்துவிட்டு அவருடைய நேர்மையைப் புகழ என்னால் முடியவில்லை.

இறுதிக் கிரியைக்கு வந்தவர்கள் அந்த மலர்வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். புதுப் பள்ளி அனுப்பியது. வெள்ளை ரோசா, நீல நாடா. நாடாவில் டொச்சில் "எங்கள் பாலத்துக்கு நன்றி" என்று அச்சடித்திருந்தார்கள். யோகக்காவை யாரும் பாலம் என்றால் அவருக்குப் பிடிக்காது. "பாலத்த மிதிச்சிட்டுத்தான் போவாங்க" என்பார். தவம் அண்ணைக்கு டொச் அவ்வளவாக வாசிக்க வராது. "நல்ல பூ, ஆர் குடுத்தது பிள்ளை?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. உள்ளே வந்து கையைக் கழுவினார். அந்த ஒரு வாரத்தில் நான் கண்ட ஒரே மரியாதையான செயல் அது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அவருடைய கடிதத்தின் முதற் கைப்பிரதி என்னிடம் இருக்கிறது. இலக்கணப் பிழைகளோடு, களவு என்ற சொல்லோடு. நான் மென்மையாக்கித் தட்டெழுதிய தாளும் அதனோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஏதாவது எழுதும்போது ஒரு சொல் நழுவி வேறு சொல்லாக மாறப் பார்க்கிறது. அப்போது அந்த உறையை எடுத்துப் பார்ப்பேன். சென்ற வாரம் மேலாளருக்கு எழுதிவிட்டேன். அந்த வரியில் உள்ளது உண்மையல்ல, மொழிபெயர்ப்பாளர் தன் சொல்லை அன்றே திரும்பப் பெற்றார், தட்டெழுதிய எனக்கு அது தெரியும் என்று. இம்முறை அழிக்கவில்லை. அச்சான அறிக்கையை மாற்ற முடியாது என்று பதில் வந்திருக்கிறது. என் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது, அதைப் புதுப்பிப்பது பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை.

இனி, இவ்வளவு நேரமும் கேட்கத் தயங்கிய ஒன்று. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் புதுப் பள்ளியின் ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று கெமைண்ட முடிவெடுக்கப் போகிறது. அதற்குமுன் ஊரவர்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். எந்த மொழியிலும் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பை இணைத்தால் போதும் என்று விசாரித்து அறிந்தேன். நான் எழுதினால் அது ஓர் உதவியாளரின் அவதானிப்பு. யோகக்கா எழுதியதைப் பெறுமதிமிக்க குறிப்பு என்று மூடிவிட்டார்கள். அந்த அறையில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். சுகி அக்கா, நீங்கள். மற்றவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கே தெரியும். அன்று உங்களிடம் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் நன்றாக உடுத்திக்கொண்டு திரிகிறார்கள்.

முப்பத்தோராம் நாள் மதிய உணவு முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் இருப்பேன். தவம் அண்ணையும் இருப்பார். ஒருவர் ஒருவராக வாருங்கள், அவசரமில்லை. நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே தமிழில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, நீங்கள் சரி என்றபிறகுதான் டொச்சில் எழுதுவேன். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிவர வேண்டாம்.